மணி அடிக்கலாங்களா?

"சாமி, துக்க மணி அடிக்கலாங்களா?"

உபதேசியார் கேட்டது அவ்வளவுதான். தீர்த்தமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பையன். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எதையும் நம்பவில்லை. பங்குச்சாமியார் யோசிக்கவேயில்லை. "அடிங்க" என்றார். மணி அடித்தது, பூசை நடந்தது, கல்லறைத் தோட்டத்தில் அவன் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே அடக்கமும் ஆயிற்று. ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எழுந்தபோது பையனின் அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

உபதேசியாரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் சிறுவயதில் படித்த ஞானோபதேசம் அப்படி. தெரிந்தே தன்னை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்றது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் கடவுள் தந்தது, நாம் அதைப் பேணுகிறவர்களே தவிர உடைமைக்காரர்கள் அல்ல என்று 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு கண்டிப்பாகத்தான் சொல்கிறது. கூடவே, கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் தம்மை மாய்த்துக்கொண்டவர்களுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. சட்டம் மாறி நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. ஊர் வாயில் இன்னும் பழைய கேள்விதான் வருகிறது.

நாங்கள் வேதக்காரர்கள்தான். அதற்காகத் தீர்த்தமலை ஏறாமல் வளர்ந்த பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? பாறையிலிருந்து விழும் இராம தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு, ஈரச் சட்டையோடு படியிறங்கியவர்கள்தானே நாங்கள். இராவண வதம் முடிந்து திரும்பிய இராமன் பூசைக்கு நீர் இல்லாமல் அம்பெய்து வரவழைத்தது அது என்பார்கள். எனக்கு என்னவோ அனுமன் மேல்தான் பரிவு. அந்தப் பூசைக்காகக் காசிக்குப் போய்த் தீர்த்தம் எடுத்துவந்தவர். வருவதற்குள் நேரம் தவறிவிட்டது. கோபத்தில் அவர் வீசியெறிந்த நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தமாம். பிந்தி வந்த தண்ணீருக்கும் ஒரு ஊர் இருக்கிறது. பிந்தி வந்த சட்டத்துக்குத்தான் இன்னும் இல்லை.

அடக்கத்தன்று இரவு எலியா கதை ஞாபகம் வந்தது. பாதி மறந்திருந்தது, எடுத்துப் பார்த்தேன். இராஜாக்கள் முதலாம் புத்தகம், பத்தொன்பதாம் அதிகாரம். பாலைவனத்தில் சூரைச்செடியடியில் உட்கார்ந்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார் அந்தப் பெரிய தீர்க்கதரிசி. வந்த தூதன் உயிரின் மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறார். அதற்கும் திட்டு இல்லை. இன்னொரு முறை தட்டியெழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய வழி தூரம் என்கிறான், அவ்வளவே.

இதைத்தான் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று கிளம்பும்போதுதான் என் பெரியம்மா நினைவில் குறுக்கே வருகிறாள். புருஷன் போய், மழையும் பொய்த்த ஒரு வருஷத்தைப் பற்றி அவள் சொன்னது: "நரகத்துக்குப் பயந்துதான்டா உசுரோட இருந்தேன்."

இன்றைக்கு 104 என்ற உதவி எண்ணை அழைத்தால் பேச ஒரு ஆள் உண்டு. பெரியம்மாவுக்கு வாய்த்தது அந்தப் பயம் ஒன்றுதான். அவளைக் காப்பாற்றிய அதே போதனைதான் பையனின் அம்மாவின் காதில் மணி அடிக்கலாமா என்ற கேள்வியாக விழுந்தது. பயத்தை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அடை சுட்டெடுத்துக்கொண்டு யாரும் வராத வீட்டில் அதையும் எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? இரண்டு பேருக்கும் நியாயமான ஒரு பதில் இருக்கலாம். எனக்குப் பிடிபடவில்லை.