ஜீனோவும் வெண்கட்டிப் பெடியனும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாடு. அங்கே மக்களின் பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாதான் கதையின் நாயகி. வாசகர் மனதில் நின்றதோ ரவியோடு வந்த இயந்திர நாய் ஜீனோ. அடுத்து வந்த தொடருக்கு ‘மீண்டும் ஜீனோ’ என்றே பெயர். கீரிமுக முனிவரின் கதையால் பெயர் பெற்ற எங்கள் கீரிமலையும் ஒரு சிறு பிராணியின் பெயரைத்தான் சுமக்கிறது.

ஏன் இந்த அன்பு? நிலா செய்வதெல்லாம் அவளது இழப்பின் கட்டாயம். ஜீனோ ஏவியதைச் செய்யப் படைக்கப்பட்டது. அதுவோ புத்தகம் படிக்கிறது, எதிர்க்கேள்வி கேட்கிறது. கடமைக்கு மேலாக ஒருவர் தரும் சிறு துணை நம்மை வென்றுவிடுகிறது. இது நல்ல குணம்தான்.

ஆனாலும் ஒரு நெருடல். நிலாவின் துயரம் நம்மிடம் எதையோ கேட்கிறது. ஜீனோ சோறு கேட்பதில்லை, கூலி கேட்பதில்லை. கேளாதவரை நேசிப்பது சுலபம்.

வகுப்பறையிலும் இதையே காண்கிறேன். வெண்கட்டி எடுத்துவர ஓடுகிற, பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற கடைசி வாங்குப் பெடியன் எல்லோருக்கும் செல்லம். அவனே “சேர், எனக்கு விளங்கேல்லை” என்று மூன்றாந்தரமும் எழுந்து நின்றால், அதுவரை கொஞ்சிய முகங்கள் சுருங்கிவிடுகின்றன.

சிறியவர்மேல் நாம் வைத்திருப்பது அன்பா, நமது வசதியா என்பது அந்த நேரத்தில்தான் தெரியவருகிறது. ஜீனோவுக்குத் தலைப்பில் இடம் கிடைத்தது. அந்தப் பெடியனுக்கு வேண்டியது நாலாந்தரமும் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்.