கண்ணீரில் பற்று வரவு உண்டா?



இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிப் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி 2011 ஆம் ஆண்டு முதல் சில படங்களை வரிசையாக வெளியிட்டது. ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ அவற்றுள் முதலாவது. பின்னர் வந்த ‘நோ ஃபயர் சோன்’ என்னும் முழுநீளப் படம் 2013 ஜூலையில் கோலாலம்பூரில் காட்டப்பட்டது. தணிக்கை அனுமதியின்றித் திரையிட்டதாக லீனா ஹெண்ட்ரி என்ற பெண்மணிக்கு 2017-ல் நீதிமன்றம் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தது.

இப்படங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சி ரூசாவிலே நம் கடைகளில் இரு குரல்கள் கேட்கின்றன. தோட்டத்து மக்கள், “முள்ளிவாய்க்காலில் பச்சைக் குழந்தைகள் மாண்டனவே” என்று கண்கலங்குகிறார்கள். நம்மவரிற் சிலரோ, “காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டபோது யார் அழுதார்கள்?” என்கிறார்கள். இந்த விடை நியாயமானதா?

நம்மவர் சொல்வது பொய்யன்று. 1990 ஆகஸ்டு 3 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அவர்களிற் பலர் நம்மைப் போன்ற வியாபாரிகள். வீட்டையும் சரக்கையும் விட்டுப் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினார்கள். கிழக்கிலே முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் புகுந்து கொலை செய்ததும் அவ்வாண்டின் உண்மையே.

நிற்க. கடைப் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒருவர் வைத்த பாக்கியை இன்னொருவர் வரவிலே கழிக்கும் வியாபாரி உண்டா? 2009 மே மாதம் வன்னியில் மாண்ட பத்து வயதுச் சிறுவன் 1999 வாக்கில் பிறந்தவன். 1990-ல் நடந்தவற்றுக்கு அவனை எவ்வாறு பொறுப்பாக்குவது? அப்போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் கூறிற்று. அவர்களில் ஒருவரையும் நம் கணக்கிலே கழித்துவிட முடியாது.

“அப்படியானால் நம் துயரை மறந்துவிடுவதா?” என்று கேட்கலாம். மறக்க வேண்டாம். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நினைப்போம், பிள்ளைகளுக்கும் சொல்வோம். ஆனால் பிறர் அழும் வேளையில் பதிலுக்குப் பதிலாக அதை எடுத்து வீசினால், நம் ஷஹீதுகளை வாதத்துக்கான சரக்காக ஆக்கியவர்களாவோம். பலஸ்தீனத்துக்காக நாம் வசூல் செய்கையில், “எங்கள் மக்களுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?” என்று ஒருவர் கேட்டால் நம் மனம் எப்படி நோகும்? அந்த நோவுதான் தோட்டத்து மனிதருக்கும்.

ஆகவே, கடைக்கு வந்தவர் முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொன்னால், நாம் செவி கொடுத்துக் கேட்போம். அன்று கேட்பதோடு நிறுத்துவோம். பிறிதொரு நாள் காத்தான்குடியைப் பற்றி அவரிடம் சொல்வோம். அவரும் கேட்கக்கூடும். கேளாது போனாலும் நம் கடமை குறையாது என்பதே நம் கருத்து.