அதிசயமாம், அதிசயம்!

"முப்பதைக் கடந்தவள், பிள்ளை பெற்றவள், அவளா பந்தெறிந்து வெல்வாள்?" என்று கேட்கிறது ஊர். வென்று காட்டுகிறாள். "அதிசயம்!" என்கிறது அதே ஊர். முதற் கேள்வியிலே இருந்த இழிவு எவருக்கும் விளங்கும். பின்னர் வந்த பாராட்டிலே அதே இழிவு பட்டாடை உடுத்தி நிற்கிறதே, அது விளங்குகிறதா தோழர்களே?

தென்கொரியாவின் லிம் ஓ கியோங் என்னும் வீராங்கனையின் வரலாறு இதனை எண்ண வைக்கிறது. அவர் ஆடியது ஹேண்ட்பால். அணிக்கு எழுவர், 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட களம், 60 நிமிட ஆட்டம். பந்தைக் கையிலேந்தி மூன்று அடிக்கு மேல் வைத்தலாகாது. மூன்று நொடிக்கு மேல் தாங்கி நிற்றலுமாகாது. தோளோடு தோள் மோதும். மறிப்போரைக் கடந்து துள்ளி எழுந்து, கால் தரையைத் தொடுமுன் வலைக்குள் வீச வேண்டும். மென்மையே பெண்மை என்று ஏடெழுதி வைத்தோர் ஒருமுறையேனும் காணவேண்டிய ஆட்டம்!

1971-இல் ஜோங்உப் நகரிலே பிறந்த லிம், 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கிலே தங்கம் வென்ற அணியிலே இருந்தார். 1996-இல் அட்லாண்டாவிலே வெள்ளி. அவ்வாண்டின் சிறந்த வீராங்கனை அவரே என்று உலகக் கூட்டமைப்பு அறிவித்தது. பின்னர் தாயானார். 2004-இல் ஏதென்சுக்கு மீண்டும் அழைத்தது தாயகம். இறுதியாட்டம் டென்மார்க்குடன். கூடுதல் நேரம் இருமுறை தந்தும் 34-34, எவரும் வெல்லவில்லை. இறுதியில் ஏழு மீட்டர்க் கோட்டிலிருந்து ஒவ்வொருவராக எறிந்து முடிவு கண்டனர். கொரியாவுக்கு வெள்ளி.

அப்போது ஏடுகள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'அஜும்மா'க்கள்! மணமான நடுவயதுப் பெண்ணைக் குறிக்கும் கொரியச் சொல் அது. பாதி உறவு, பாதி ஏளனம். அஜும்மாக்களின் அதிசயம் என்று நாடு கண்ணீர் மல்கியது. 2008-இல் இம் சூன் ரே என்னும் பெண் இயக்குநர் அந்த ஆட்டத்தைத் தழுவித் திரைப்படமே எடுத்தார். கண்ணீரைக் குறை கூறவில்லை நான். ஆனால், கண்ணீர் கேள்வி கேட்பதில்லையே!

அதிசயம் என்றால் என்ன? காரணம் தேட மனமில்லாதவன் போடும் முற்றுப்புள்ளி. சிலை பால் குடித்தது என்பவனிடம் காரணம் கேட்கும் நாம், தாய் பந்தெறிந்தாள் என்பவனிடம் மட்டும் கேளாதிருப்பதேன்? கேட்டுப் பாருங்கள், விடை எளிது. லிம் ஆட்டத்தை விட்டு அடுப்படியில் ஒதுங்கி இருந்து, திடுமென ஒருநாள் தெய்வ அருளால் எழுந்து வந்தவரல்லர். ஜப்பானின் ஹிரோஷிமாவிலே ஓர் அணி அவரை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வைத்திருந்தது. அவருடன் ஏதென்சிலே ஆடிய மற்றொரு தாய், ஓ சோங் ஓக். 1992 முதல் 2008 வரை ஐந்து ஒலிம்பிக் கண்டவர், ஆஸ்திரியக் கழகத்துக்கும் ஆடியவர். ஆடக் களமும், உண்ண ஊதியமும், உழைப்புக்கு மதிப்பும் இருந்தன; ஆற்றல் நிலைத்தது. இதிலே அதிசயம் எங்கே ஒளிந்திருக்கிறது?

தாயகத்திலோ, பெண்களுக்கென இருந்த தொழில்முறை அணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹேண்ட்பாலை 'ஹந்தே-பால்' என்று சொல்லி நகைப்பது கொரியர் வழக்கம். ஹந்தே என்றால் கூரையற்ற வெளி. வெளியே தள்ளப்பட்ட ஆட்டம் என்பது பொருள். நான்காண்டுக்கு ஒருமுறை கைதட்டல், இடையிலே வெட்டவெளி!

"எல்லாப் பெண்களும் லிம் ஆகிவிட முடியுமா?" என்பார் சிலர். முடியாதுதான். எல்லா ஆண்களும் ஆகிவிட முடிகிறதா? அவர்களுக்குத் திருமணம் எனும் சோதனைச்சாவடி இல்லையே! சாவடியைக் கடந்த ஒருத்தியை அதிசயம் என்று கொண்டாடிவிட்டால், சாவடி ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கும் தொல்லை தீர்ந்துவிடுகிறது. அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் திரைப்படமும் இல்லை, பெயரும் இல்லை.

லிம் 2020-இல் தென்கொரிய நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அது பின்கதை. இருபதுகளிலிருந்த அவரை நம்பி ஹிரோஷிமா தந்த பயிற்சியாளர் பொறுப்பைச் சியோல் மாநகராட்சி அணி தந்தது 2008-இல். ஏதென்சு முடிந்து நான்காண்டு கழித்து.