நிற்கும் இடம்

புதிதாகப் பைத்தான் பயில்கிற ஒருவர், புத்தகத்திலுள்ள மாதிரி நிரலை ஓரெழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கையில், நிரலும் அது படிக்க வேண்டிய கோப்பும் ஒரே ஃபோல்டரில் அருகருகே காணப்படும்போதே, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று கணினி மறுத்துரைத்தால் அவர் முகத்தில் படரும் கலக்கத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிரத்தியட்சமாக உள்ள பொருளை இல்லையென்று கேட்க நேர்வது, எந்த மனிதரையும் தம் புத்தியின்மீதே சந்தேகம் கொள்ளச் செய்துவிடும். அத்தருணத்தில் அருகிலிருப்பவர் செய்யத்தக்க உபகாரம் யாது என்பதே என் நெடுநாளைய விசாரம்.

சுலபமான வழி ஒன்று உண்டு. கோப்பின் முழுப் பாதையையும் எடுத்து நிரலில் ஒட்டிவிட்டால், பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். விண்டோஸில் அதுவும் நிச்சயமில்லை. 1983-இல் எம்.எஸ்.டாஸின் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது, முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்தமையால், பாதைகளுக்குப் பின்சாய்கோடு வாய்த்தது; பைத்தானிலோ பின்சாய்கோட்டை அடுத்து 'என்' வந்தால் புதுவரி என்றும், 'டி' வந்தால் டேப் என்றும் பொருளாகிவிடும். ஆகவே ஒட்டிய பாதையே புதிய பிழையைப் பிறப்பிக்கிறது. அப்படியே ஓடினாலும், மறுநாள் அடுத்த மாதிரி நிரலிடம் அவர் அதே கலக்கத்தோடுதான் போய் நிற்பார்.

உண்மையில் கணினி பொய் சொல்லவில்லை. வெறும் பெயரால் சுட்டப்பட்ட கோப்பை, நிரல் கிடக்கும் இடத்திலிருந்து அன்று, அந்த நிரலை எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினோமோ அங்கிருந்தே அது தேடுகிறது. வி.எஸ்.கோடில் மேல் ஃபோல்டரைத் திறந்துவைத்து, அதற்குள்ளிருக்கும் நிரலை ஓட்டுபவர், சாதாரணமாக மேல் ஃபோல்டரிலேயே நிற்கிறார். தாம் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது. முகவரி சரியாயிருந்தும் புறப்பட்ட ஊர் வேறாயிருந்தால் வழி தவறத்தானே செய்யும்!

செல்பேசியோடு வளர்ந்த இளைஞருக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று சிலர் சலித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அந்த ஞானத்தோடு யார் பிறந்தார்கள்? செல்பேசி ஃபோல்டர்களை மறைத்துவைப்பது பயனரின் குற்றமன்று. என் அபிப்பிராயத்தில் பெரும்பங்கு பொறுப்பு மாதிரிகளை எழுதியவர்களுடையது. தாம் நின்ற இடத்தைச் சொல்லாமலே, வாசகரும் அங்கேதான் நிற்பார் என்று அனுமானித்துவிட்டார்கள். 2014-இல் வெளிவந்த பைத்தான் 3.4 முதல், நிரலின் சொந்த இடத்திலிருந்தே பாதையைக் கணிக்கும் வசதி பாத்லிப் என்ற பெயரில் கூடவே கிடைக்கிறது. 'இந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுக' என்று ஒரு வரி எழுதவும் அதிகப் பிரயாசை வேண்டியதில்லை.

ஆகவே நான் விசைப்பலகையைத் தொடுவதில்லை. இப்போது நிற்கும் ஃபோல்டர் எது என்று அச்சிடும் ஒரு வரியையும், அதனுள் உள்ளவற்றைப் பட்டியலிடும் மற்றொரு வரியையும் அவரையே எழுதச் சொல்கிறேன். சில வேளைகளில் ஃபோல்டர் சரியாகவே இருக்கும். விண்டோஸ் பெயரின் ஈற்றை மறைத்துக்காட்டியதால், சி.எஸ்.வி. என்று நாம் நம்பிய கோப்பு டாட் டி.எக்ஸ்.டி. என்னும் வாலோடு பட்டியலில் வெளிப்படும். எது வெளிப்பட்டாலும் அதைக் காண்பவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதற்காக, கை துறுதுறுக்கும் அந்தச் சில நிமிஷங்களை நான் மௌனமாகக் கடத்துகிறேன். பெரும்பாலோர் பிறகு, 'வேறொரு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் என்ன ஆகும், சார்?' என்று தாமாகவே கேட்கிறார்கள். விடை சொல்லாமல், ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.