கேளாத செடி

சென்ற போகியன்று திண்டுக்கல் பஸ் நிலையத்தின் வாசலில் இருபது ரூபாய் கொடுத்து ஒரு பிடி ஆவாரம்பூ வாங்கினேன். ஆவாரங்கொத்து, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து, காப்புக் கட்டுவதற்கென்று சிறு சிறு முடியாகக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன ஆத்தா, ரோட்டோரத்திலே கிடக்கிற பூவுக்கு இருபது ரூபாயா?” என்றேன்.

“எந்த ரோட்டோரத்திலேப்பா கிடக்கு? காட்டு, அடுத்த வருஷம் அங்கேயே பறிச்சுக்கிறேன்” என்றாள் அவள்.

பதில் சொல்லத் தோன்றவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத் தாடிக்கொம்பு பஸ்ஸில் ஏறினேன். என் சிறு வயதில் அந்த வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், மழைக் காலம் முடிந்த பிறகு இரு புறமும் மஞ்சளைக் கொட்டி வைத்தது போல் இருக்கும். இப்போது கல் நட்ட மனைகளும், கல்யாண மண்டபங்களும், பெட்ரோல் பங்குகளும் வருகின்றன. இடையிடையே ஒரு புதர், இரண்டு புதர். கிழவி பொய் சொல்லவில்லை.

தாடிக்கொம்பில் என் அத்தை இருக்கிறாள். அப்பாவின் தங்கை. கல்யாணமான ஐந்தாறு வருஷத்திலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். குழந்தை இல்லை. இப்போது எழுபத்தெட்டு வயது. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஓட்டு வீட்டில் தனியாக வாழ்கிறாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கோயிலின் மண்டபத்துத் தூண் சிற்பங்களைப் பார்த்துப் பிரமித்து நிற்பார்கள். அத்தை அவற்றை ஒரு நாளும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கும்பிட்டுவிட்டுத் துளசியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆவாரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொன்னது. மீதிப் பாதி நான் செடிகளைக் கொன்று தெரிந்துகொண்டது.

மதுரையில் வீடு கட்டியபோது, முன்பக்கத்தில் ஓர் ஆவாரஞ்செடி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடையில் கிடைக்கவில்லை. நர்ஸரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “அதையெல்லாம் யார் சார் காசு கொடுத்து வாங்குவாங்க?” என்றார். சரியென்று குடகனாற்றுக் கரையிலிருந்து முழங்கால் உயரச் செடி ஒன்றைத் தோண்டினேன். ஒரு முழம் தோண்டியும் ஆணிவேர் முடியவில்லை, பொறுமை இழந்து இழுத்தேன், அறுந்தது. அந்தச் செடி நாலாம் நாளே தலை சாய்ந்தது.

மறுபடியும் விதையிலிருந்து தொடங்கினேன். காய்ந்த காகிதம் போன்ற தட்டைக் காய்களை உடைத்து விதையை எடுத்து மண்ணில் போட்டால் மாதக் கணக்கில் சும்மா கிடந்தது. விதைத் தோல் அவ்வளவு கெட்டி. “சுடுதண்ணியிலே ஒரு ராத்திரி போட்டு எடு” என்றாள் அத்தை. அப்படியே செய்தேன். பத்து நாளில் முளைத்தது. ஒரு நல்ல மண்தொட்டியில் வைத்தேன். சாணி எரு இட்டேன், வண்டல் மண் சேர்த்தேன், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். செடி கொழுகொழுவென்று இலை விட்டது. பூ மட்டும் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது அடித்தண்டு கறுத்து, வேர் அழுகிச் செத்துவிட்டது.

அத்தையிடம் வருத்தத்தோடு சொன்னேன். அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. “அது கேட்டுச்சாப்பா உன்கிட்ட?” என்றாள்.

மூன்றாவது முறை பிழைத்தது. மழைக்கு முன்னால் தரையிலேயே விதையை ஊன்றினேன். சரளையும் செம்மண்ணுமாக இருந்த மூலை, நிழல் இல்லை, தண்ணீர் நிற்காது. முளைத்த பிறகு முதல் கோடையில் மட்டும் எப்போதாவது ஒரு குடம் ஊற்றினேன். பிறகு அதுவும் இல்லை. இரண்டாம் வருஷம் பூத்தது. பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட்டால் அடுத்த முறை அடர்ந்து வருகிறது. இவ்வளவுதான் ஆவாரை வளர்ப்பு. இதற்கு மேல் யாராவது புத்தகம் எழுதினால் வாங்காதீர்கள்!

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் இலை முழுவதையும் பச்சைப் புழுக்கள் தின்று தீர்த்தன. மருந்து அடிப்பதா, வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். தவித்து முடிப்பதற்குள் புழுக்கள் கூடாகிவிட்டன. பிறகு வெளிர் நிறப் பட்டாம்பூச்சிகள் தோட்டத்தில் பறந்தன. செடி மறுபடி தளிர்த்தது. ஆவாரை இனத்துச் செடிகளில்தான் அவை முட்டை இடுமாம். பூவைத் தேடிக் கருவண்டுகள் வருகின்றன. இந்தப் பூவில் தேன் கிடையாது; மகரந்தம்தான் உண்டு. அதுவும் சிமிழ் போன்ற மகரந்தப் பைக்குள் இருக்கிறது. வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைத்தால்தான் பையின் துளை வழியாக உதிரும். வெயில் ஏறும்போது அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அந்த வியாபாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் தண்ணீர் ஊற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தம் வேலியோரம் தானாக முளைத்த ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. நான் அறிந்து ஊற்றவில்லை. அவர் அப்படி ஒரு செடி இருப்பதையே அறியாமல் ஊற்றவில்லை. இரண்டு செடிகளும் ஒரே மாதிரி பூக்கின்றன. அப்படியானால் என் அறிவுக்கும் அன்புக்கும் என்ன பிரயோஜனம்? கேட்காதவரிடம் நாம் காட்டும் அடக்கத்துக்கும் அலட்சியத்துக்கும் வெளித் தோற்றத்தில் வேற்றுமையே இல்லையே! அலட்சியமாக இருந்துவிட்டு, ‘அவர்கள் சுதந்திரத்தில் நான் தலையிடுவதில்லை’ என்று சொல்லிக்கொள்ள எத்தனை வசதி!

இதைச் செடியை வைத்து மட்டும் நான் யோசிக்கவில்லை என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

தாடிக்கொம்பில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. சரளைக் காடு. கிராமக் கணக்கில் அதற்குத் தரிசு என்று பெயர். என்ன விந்தையான சொல்! உழுது, நீர் பாய்ச்சி, வரி கட்டினால் நிலம். தானாக ஒன்று அதில் பூத்துக் காய்த்தால் தரிசு. ஆனால் அந்தத் தரிசு ஒரு காலத்தில் சோறு போட்டது. திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை வேண்டும். கிளைகளை வெட்டி, தட்டிப் பட்டையை உரித்து, காயவைத்துக் கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். வெட்டிய புதர் மறு மழைக்குத் துளிர்த்துவிடும். தென்னாட்டுத் தோல் அந்தப் பட்டைத் தண்ணீரில் ஊறித்தான் சீமைக்குக் கப்பலேறியது. அத்தையின் கல்யாணத் தோடு அந்தப் பட்டைக் காசில் வாங்கியது.

பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. வெளியிலிருந்து வாங்குவானேன் என்று அந்த மரத்தையே நீலகிரியிலும் நம் பழனி மலையிலும் நட்டார்கள். அது மலைப் புல்வெளிகளை விழுங்கியது தனிக் கதை. 1970-களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது குரோமிய உப்பு முறை பரவியது. பட்டைக்கு வாரக் கணக்கில் ஆவது, அதற்கு ஒரு நாளில் ஆகிவிடும். கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லின் பெயரும் இருந்தது. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தத் தொட்டிகளில் இறங்கி நின்ற மனிதர்களின் நிலை தெரியும். பட்டைக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்போதும் நாற்றம்தான், அப்போதும் கூலி அற்பம்தான். பட்டை வேண்டாம் என்றானதும் எங்கள் காட்டைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை என்பதே நான் சொல்வது.

2011-இல் அதற்கு விலை வந்தது. மனை போடுகிறவர்கள் கேட்டார்கள். தாத்தா உயில் எழுதாமல் போனவர். 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தைக்கும் அதில் பங்கு உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசினார்கள். “அவளுக்கு என்ன செலவு? வாய்திறந்து எதுவும் கேட்கிறவள் இல்லை. நாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா?” என்று முடிவாயிற்று. ஒரு விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். அதில் கையெழுத்துப் போட அத்தையைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனவன் நான். கார் பிடித்து, கதவைத் திறந்துவிட்டு, மரியாதையாகத்தான் அழைத்துப் போனேன். எழுத்தாளன் அல்லவா? பத்திரத்தை வாசித்துக் காட்டவும் செய்தேன். “சரிப்பா” என்று கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பணத்தில் எனக்கு வந்த பாகம்தான், இந்த ஆவாரை நிற்கிற மதுரை வீட்டின் அஸ்திவாரம்.

செய்தது சட்டப்படி குற்றமில்லை. அத்தையைப் பட்டினி போட்டுவிடவுமில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறோம். ஆனால் பல வருஷங்களாக நான் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு: ‘அத்தையின் சுபாவம் அப்படி, கொடுத்தாலும் வாங்கமாட்டாள்.’ வாடாத செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது உண்மைதான். அதனால் அதன் காலடி மண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று எப்படி ஆகும்? பக்கத்து வீட்டுக்காரர் சென்ற மாதம் கார் நிறுத்த இடம் செய்தார். ஆள் வந்து ஒரே காலையில் அவருடைய ஆவாரையை வேரோடு எடுத்துப்போட்டான். அவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு செடிகளுக்கும் இருந்த வேற்றுமை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆவிரை பழைய பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் இதுவும் ஒன்று. காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையில் ஏறி, ஊர் நடுவே வந்து நியாயம் கேட்பானே, அவன் எருக்கோடு சேர்த்துச் சூடிய பூவும் இதுதான். கேட்கவே தெரியாத செடியின் பூவைச் சூடிக்கொண்டு கேட்க வந்தான்! தெலுங்கானாவில் 2014-இல் இதை மாநிலப் பூவாகவே ஆக்கிக்கொண்டார்கள். இலங்கையில் இதன் பூவைப் போட்டுக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆவாரை பூத்திருக்கையில் சாவு ஏது என்று நம்மவர்களுக்கு ஒரு பழமொழியும் உண்டு. இப்போது அந்தப் பழமொழியைப் பொடி விற்கிற பாக்கெட்டுகளில் அச்சடிக்கிறார்கள்.

போகியன்று நான் போய் இறங்கியதும், என் கையில் இருந்த முடியை அத்தை பார்த்தாள்.

“காசு குடுத்தா வாங்கினே?”

“இருபது ரூபாய், அத்தே.”

சிரித்தாள். வெகு நேரம் சிரித்தாள். பிறகு காபி கொடுத்தாள். குடித்து முடித்த பின், இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

“அத்தே, அன்னிக்குப் பத்திர ஆபீசிலே நீங்க ஏன் ஒண்ணுமே கேக்கலே?”

டம்ளரைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: “கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

குடுத்திருப்போம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. என் வீட்டுக் கடனும் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. என் பாகத்தில் அவளுக்குச் சேர வேண்டியதை அவள் பெயரில் போட்டுவிடுவது என்று நான் முடிவு செய்து நாலு மாதம் ஆகிறது. அதையும் அன்று சொல்லவில்லை. மண்தொட்டிச் செடியின் நினைவு வந்து தடுத்தது என்று எழுதலாம், அழகாகவும் இருக்கும். உண்மையில் எனக்குக் கூச்சம்.

“வா, நல்ல பூவாப் பறிச்சுட்டு வரலாம்” என்று கிளம்பினாள்.

எங்கள் பழைய காட்டுக்குத்தான் போனாள். மனைக் கற்கள் நட்டு அத்தனை வருஷமாகியும் நாலைந்து வீடுகளே வந்திருந்தன. இயந்திரம் வழித்துப் போட்ட மண்ணில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆவாரை இடுப்பளவு நின்றது. மண்ணுக்குள் கிடந்த விதைகள் எத்தனை மழைக்குக் காத்திருந்தனவோ! முகப்பில், அந்நியர் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தார்கள். நான் அதைப் படித்துக்கொண்டு நின்றேன். அத்தைக்குப் படிக்கத் தெரியும், அவள் நிற்கவில்லை. கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், முந்தானையை ஏந்திக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள்.