பிறர் கையில் தந்த வேலை

திருப்பூரில் ஒரு பனியன், பெட்டிக்குள் அடைபடுமுன், நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், பிசிறு வெட்டுதல் என்று வெவ்வேறு கூரைகளின் கீழ் வெவ்வேறு மனிதர்களின் சிரத்தையைப் பெற்றே வருகிறது. சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களோ, வியாபாரி தந்த பாவையும் ஊடை நூலையும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். தனியொருவராக ஆர்டர் பிடித்து, அதில் ஒரு பகுதியை ஜாப் ஒர்க்காக இன்னொருவரிடம் ஒப்படைப்பவர், உழைப்பைப் பங்கிடலாமேயன்றி, தாம் கொடுத்த வாக்கைப் பங்கிட இயலாது. சாம்பிளைக் கையில் கொடுத்து, அளவையும் தவணையையும் ஐயமறச் சொல்லி, தமக்குப் பணம் வரும்வரை காத்திராமல் வேலையை ஏற்றவரின் கூலியைத் தீர்ப்பதைத் தயவென்று கருதுவது பெரும் பிழை. அவருடைய பட்டறையிலும் சனிக்கிழமை மாலை சம்பளத்துக்கு ஆட்கள் நிற்கிறார்கள்.