நினைவு கலங்கியவர் சொல் கணக்கில் வருமா?

தக்கலைக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். அவருடைய வாப்பா எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். ஐவேளையும் ஜமாஅத் தவறாதவர். பள்ளி ஹவுளருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் பகலெல்லாம் நன்றாகப் பேசியவர், இரவில் ஊசிக்குழாயைப் பிடுங்கினார். மகனைத் திருடன் என்றார். கலிமா சொல்லச் சொன்னதற்கு, "வேண்டாம், போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் தெளிந்துவிட்டார். அவருக்கு எதுவும் நினைவில்லை; மகனுக்கு மறக்கவில்லை.

"ஆலிம்சா, வாப்பாவுடைய ஈமானுக்குப் பங்கம் வந்திருக்குமா? உள்ளே கிடந்ததுதானே வெளியே வந்தது?" என்று கேட்டார்.

முதலில் நோயை அறிவோம். டாக்டர்கள் இதை 'டெலிரியம்' என்கிறார்கள். இது பைத்தியமுமல்ல, ஜின் சேட்டையுமல்ல. அறுவைக்குப் பின் முதியோருக்கு, அதிலும் இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு, அடிக்கடி வருவது. வலி, கிருமித் தொற்று, நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, உறக்கமின்மை, சில மருந்துகள் ஆகியவை மூளையைக் கலக்கிவிடுகின்றன. ஏறும், இறங்கும், இரவில் மிகும். சிலர் கூச்சலிடாமல் சோர்ந்தே கிடப்பார்கள், அதுவும் இதுவே.

இனி மார்க்கத்தைப் பார்ப்போம். உறங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், புத்தி பேதலித்தவர் தெளியும் வரையிலும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கனவில் திருடியவனை எந்தக் காஜியாவது விசாரித்ததுண்டா? பாலைவனத்தில் தொலைந்த ஒட்டகம் திரும்பக் கிடைத்த பூரிப்பில், இறைவனையும் அடிமையையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்ட மனிதரைப் பற்றியும் ஹதீஸில் வருகிறது. மகிழ்ச்சியில் நாப்பிறழ்ந்தவரே குற்றவாளியல்லர் என்றால், நோயில் அறிவு கலங்கியவர் எப்படிக் குற்றவாளியாவார்? அந்த வாப்பாவின் ஈமானுக்கு யாதொரு பங்கமும் இல்லை.

ஆனால் சகோதரர்களே, எழுதுகோல் உயர்ந்தது அவருக்குத்தான், நமக்கல்ல. அந்த நேரத்தில் அவரிடம் சொத்துக்குக் கைநாட்டு வாங்கினால் அது செல்லாது. வாங்கியவர் மீதே பாவம். அவர் உளறுவதைச் செல்போனில் படமெடுத்து வளைகுடாவிலுள்ள உறவினருக்கு அனுப்புவதும், திட்டியதை மனத்தில் வைத்து மருமகள் முகம் கோணுவதும் நம் ஏட்டில்தான் ஏறும். கலிமாவைச் சோதனையாக்கி வற்புறுத்தவும் வேண்டாம். மரணத் தறுவாயிலுள்ளவரிடமே அதை மென்மையாகச் சொல்லிக்காட்டும்படிதான் நமக்குப் போதிக்கப்பட்டுள்ளது.

செய்ய வேண்டியவை எளியவை. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது மிஷினையும் கொடுங்கள். டாக்டர் அனுமதித்தால் தண்ணீர் புகட்டுங்கள், நடக்க வையுங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் உறக்கமும் கிடைக்கட்டும். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருத்துவமனையில் சேர்ந்த 852 முதியோரில் இத்தகைய பராமரிப்புப் பெற்றோரிடம் இக்கலக்கம் சுமார் 10 சதவீதமாகவும், மற்றவரிடம் 15 சதவீதமாகவும் இருந்தது.

நாம் மழலையில் உளறியதையெல்லாம் கேட்டுச் சிரித்து வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சில இரவுகளைப் பொறுத்துக்கொள்ளும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.